இரும்புக்கு எந்தக் கரி?

பெங்களூரிலிருந்து ஓசூர் சாலையில் வந்தால் கர்நாடகத்தின் கடைசி ஊர் அத்திபெலே. சோதனைச் சாவடி, தொழிற்பேட்டை, நாள் முழுக்க ஓயாத லாரிகள். அதைத் தாண்டினால் தமிழ்நாடு. எல்லைக்கோடு அரசுகளுக்குத்தான், தொழிலுக்குக் கிடையாது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உலோக வேலைதான் சோறு போடுகிறது. அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் ஓசூரில் வண்டி செய்கின்றன. அவற்றுக்கும் அவை போன்ற ஆலைகளுக்கும் வேண்டிய பாகங்களை வார்ப்பதும் கடைவதும் சூடேற்றிப் பதப்படுத்துவதும் இந்தச் சுற்றுவட்டாரப் பட்டறைகள்.

உலோகத் தொழிலில் நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் மாற்று தேடும் பேச்சு இன்று உலகம் முழுக்கக் கேட்கிறது. அதற்கான ஒரு நல்ல சோதனை இந்த வட்டாரத்தில் இருபது ஆண்டுகளுக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. அத்திபெலேயிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டரில், ஓசூரில், எந்திரப் பாகங்களைப் பதப்படுத்தும் ஓர் ஆலை. எட்டு உலைகள், பதினாறு பர்னர்கள். நாளொன்றுக்கு 2,000 லிட்டர் டீசல் செலவு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த எஸ். தாசப்பாவும் சக ஆய்வாளர்களும் அங்கே மணிக்கு 300 கிலோ தாவரப் பொருளை எரிவாயுவாக்கும் கலன் ஒன்றைப் பொருத்தினார்கள். அந்த ஒரே கலனிலிருந்து குழாய் வழியே பதினாறு பர்னர்களுக்கும் வாயு போனது. உலைகளின் வெப்பம் 600 டிகிரியிலிருந்து 900 டிகிரிக்கு மேல் வரை, ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. வாரத்துக்கு 140 மணி நேரத்துக்கும் மேல் ஓடி, 4,000 மணி நேரத்தைத் தாண்டியபோது டீசல் அங்கே அறவே நின்றிருந்தது. 2003-ல் ஆய்விதழில் இதைப் பதிவு செய்தார்கள்.

அது வெப்பத்துக்கான மாற்று. இரும்புக்குக் கரி வேண்டியிருப்பது வெப்பத்துக்கு மட்டுமானால் சிக்கல் எளிதாகத் தீர்ந்துவிடும். மின்சாரம் போதும், சூரிய ஒளி போதும். ஆனால் மண்ணிலிருந்து வெட்டியெடுக்கும் தாதுவில் இரும்பு ஆக்சிஜனோடு கட்டுண்டு கிடக்கிறது. அந்த ஆக்சிஜனைப் பிரித்துக்கொண்டு போக ஏதாவது ஒன்று வேண்டும். மூவாயிரம் ஆண்டுகளாக அந்த வேலையைச் செய்வது கரிதான். உலைக்குள் கரியின் கார்பன் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு வாயுவாக வெளியேறும், இரும்பு மிஞ்சும். ஹைட்ரஜனாலும் இதைச் செய்யலாம். ஆனால் தூய்மையான ஹைட்ரஜன் இன்றைய விலையில் நம் ஆலைகளுக்குக் கட்டுப்படியாகாது.

இதன் விளைவு எண்களில் தெரிகிறது. இந்தியா 2023-24-ல் செய்த கச்சா எஃகு சுமார் 14.4 கோடி டன். ஒரு டன் எஃகுக்கு நாம் காற்றில் விடும் கார்பன் டை ஆக்சைடு சராசரியாக இரண்டரை டன். உலக சராசரி இரண்டு டன்னுக்கும் சற்றுக் குறைவு. நாட்டின் மொத்த உமிழ்வில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் எஃகுத் துறையுடையது. போதாததற்கு, ஊது உலைக்கு வேண்டிய கோக் செய்யும் உயர்தர நிலக்கரியில் பெரும்பகுதியை ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் இறக்குகிறோம்.

மரத்தின் கார்பன் வேறு கணக்கு. அது ஐந்து, பத்து ஆண்டுகளுக்கு முன் காற்றிலிருந்து இலை உறிஞ்சியது. உலையில் எரிந்து காற்றுக்குத் திரும்பினாலும், வெட்டிய இடத்தில் அடுத்த மரம் வளர்ந்தால் அதை மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். நிலக்கரியின் கார்பனோ பல கோடி ஆண்டுகளாகப் பூமிக்குள் கிடந்தது. எடுத்துவிட்டால் திரும்பப் போக வழியில்லை. வளர்ந்தால் என்ற அந்த ஒரு நிபந்தனையில்தான் முழு விஷயமும் நிற்கிறது. தென்னிந்தியா அந்த நிபந்தனையை மீறி இரண்டு முறை அடிபட்டிருக்கிறது.

ஆவாரையும் எருக்கும்

தாவரக் கார்பனால் உலோகம் செய்யும் கலையை உலகுக்குக் காட்டிய நிலங்களில் முதன்மையானது நம்முடையது. ஊட்ஸ் எஃகு என்று ஐரோப்பியர் வியந்த எஃகு, கொங்கு நாட்டிலும் மைசூர்ச் சீமையிலும் களிமண் மூசைகளில் உருவானது. நெல் உமி கலந்து பிசைந்த மண்ணால் மூசை. அதற்குள் கொல்லர் உருக்கிய இரும்புத் துண்டுகள். அவற்றோடு ஆவாரங் குச்சிகள், மேலே எருக்கிலையோ வேறு பச்சிலையோ. வாயை மண்ணால் பூசி மூடி, மரக்கரி உலையில் அடுக்கி, மணிக்கணக்கில் துருத்தி ஊதுவார்கள். உள்ளே செடி கரிந்து, அதன் கார்பன் இரும்பில் இறங்கி, ஒன்றரை விழுக்காடு அளவுக்குக் கார்பன் கொண்ட எஃகுக் கட்டி கிடைக்கும். 1800, 1801-ல் மைசூர் நாட்டில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் இந்த முறையை நேரில் பார்த்து, எந்தச் செடி, எவ்வளவு என்பது வரை எழுதிவைத்தார். கொடுமணல் அகழாய்வில் மூசைகளும் உலைகளும் வெளிப்பட்டன. பெங்களூரில் உள்ள தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தின் சாரதா ஸ்ரீனிவாசன், மேல்சிறுவளூரில் இன்னொரு மூசை எஃகுக் களத்தை அடையாளம் கண்டார்.

சாலையோரத்தில் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரை, இந்த எஃகால் அடித்த டமாஸ்கஸ் வாளுக்குள் கார்பனாகப் போயிருக்கிறது என்பதை நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

அந்தத் தொழில் சிறியது. ஒரு ஊர்க் கொல்லரின் உலை தின்னும் கரியை அந்த ஊர்ப் புதர்க்காடு ஈடுகட்டிவிடும். அதைப் பெரிதாக்கப் போனபோதுதான் வினை வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய ஜோசையா மார்ஷல் ஹீத், சேலத்துக் காந்தத் தாதுவின் தரத்தைப் பார்த்து 1830-களில் பரங்கிப்பேட்டையில் ஆங்கிலேய முறையில் ஊது உலை எழுப்பினார். சேலத்திலிருந்து தாது ஆற்று வழியாக வந்தது. எரிபொருள் முழுக்க மரக்கரி. இரும்பு நல்ல இரும்பு, இங்கிலாந்துக்கே கப்பலேறியது. ஆனால் பக்கத்துக் காடு தீர்ந்ததும் கரி தூரத்திலிருந்து வர வேண்டியதாயிற்று. தூரம் கூடக் கூடச் செலவும் கூடியது. கடன், நிர்வாகக் குழப்பம், பிரிட்டிஷ் ஆலைகளின் போட்டி எல்லாம் சேர்ந்து அந்த நூற்றாண்டு முடிவதற்கு வெகு முன்பே உலை அணைந்தது.

பத்ராவதியின் பாடம்

இரண்டாவது கதை இன்னும் நெருக்கமானது. மைசூர் சமஸ்தானத்தில் பாபாபுடன் மலையில் இரும்புத் தாது கொட்டிக் கிடந்தது. நிலக்கரி மட்டும் இல்லை. வங்காளம், பிகார் சுரங்கங்களிலிருந்து ரயிலில் கொண்டுவந்தால் கட்டாது. பத்ரா ஆற்றின் கரையில், மலைநாட்டுக் காடுகளின் விளிம்பில், பத்ராவதியில் 1923 ஜனவரி 18-ம் தேதி மைசூர் இரும்பாலை தொடங்கியது. எரிபொருளுக்கும் கரிக்கும் காட்டு மரம்தான். பெரும் நட்டத்தில் தள்ளாடிய ஆலையை நிமிர்த்த சர் எம். விஸ்வேஸ்வரய்யா தலைமைப் பொறுப்பேற்றார்.

அங்கே செய்த ஒரு காரியத்தை இன்றைய பொறியாளர்கள் பாடமாகவே படிக்கலாம். மூட்டம் போட்டுப் புகையை வானத்தில் விடாமல், மூடிய கலன்களில் மரத்தைக் கரியாக்கினார்கள். புகையைக் குளிரவைத்து மெத்தனால், சுண்ணாம்பு அசிட்டேட், தார் ஆகியவற்றைப் பிரித்து விற்றார்கள். ஒரு மரத்திலிருந்து கரியும் ரசாயனமும் சேர்ந்து கிடைத்தன. இப்போது ஐரோப்பாவில் புதுமை என்று மேடையேறும் திட்டங்களில் பாதி, நூறு ஆண்டுக்கு முன் பத்ராவதியில் ஓடியது. கந்தகமும் பாஸ்பரஸும் குறைந்த அந்தக் கரி இரும்புக்குச் சந்தையில் தனி மதிப்பு இருந்தது.

கணக்கின் மறுபக்கம் காடு. ஆலைக்காகக் காட்டுக்குள் டிராம் பாதை போட்டு மரம் இறக்கினார்கள். வெட்டிய வேகத்துக்குக் காடு திரும்ப வளரவில்லை. 1950-களில் மின் உலைகள் வந்தன, பிறகு கோக் வந்தது, மரக்கரியின் காலம் முடிந்தது. 1990-களில் செயில் நிறுவனத்தோடு இணைந்த அந்த ஆலை, நூற்றாண்டு கண்ட 2023-ல் மூடப்படும் என்ற அறிவிப்பைத்தான் பரிசாகப் பெற்றது. ஒப்பந்தத் தொழிலாளர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள்.

பெரிய உலைக்குப் பொருந்துமா?

இன்றைய ஊது உலைக்கு மரக்கரியை அப்படியே போட முடியாது. காரணம் எளியது. முப்பது மீட்டர் உயர உலையில் தாதுவும் கோக்கும் அடுக்கடுக்காக நிற்கின்றன. கீழே உள்ள கோக் அத்தனை எடையையும் நொறுங்காமல் தாங்கினால்தான் இடுக்குகள் வழியே சூடான வாயு மேலேறும். மரக்கரி அழுத்தினால் பொடியாகிவிடும், உலை மூச்சடைத்துப் போகும். ஆனால் உலையின் அடிவயிற்றில் ஊதும் நிலக்கரித் தூள் இருக்கிறதே, டன்னுக்கு 150, 200 கிலோ, அதற்கு வலிமை தேவையில்லை. அங்கே தாவரக் கரித் தூள் நுழையலாம். பெல்ஜியத்தின் கென்ட் நகரில் ஆர்செலர்மிட்டல், கழிவு மரத்தை வறுத்து உலையில் செலுத்தும் ஆலையை அமைத்திருக்கிறது.

முழுக்க மரக்கரியில் ஓட்டும் நாடு பிரேசில். மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் சிறிய ஊது உலைகள் பல தைல மரக் கரியிலேயே ஓடுகின்றன. ஏழாண்டுக்கு ஒரு அறுவடை. அபெரம் நிறுவனம் அங்கே தன் சொந்தத் தோட்டத்துக் கரியாலேயே எஃகு செய்கிறது. அதே பிரேசிலில் இயற்கைக் காட்டை அழித்த கரியும், கொத்தடிமைகளை வைத்துச் சுட்ட கரியும் உலைக்குப் போன வரலாறும் உண்டு. அந்தத் தோட்ட முறையை இங்கே பிரதியெடுக்கச் சொல்பவர்களுக்கு ஒரு தகவல்: ஆனேக்கல், கோலார் பக்கம் நிலத்தடி நீர் ஆயிரம் அடிக்கும் கீழே போனதைப் பார்த்த கர்நாடக அரசு, புதிதாகத் தைல மரம் நடுவதை 2017-ல் தடை செய்துவிட்டது. குடிநீருக்கே போர்வெல் வறண்டு நிற்கும் வட்டாரத்தில் இரும்புக்காகத் தைல மரம் நடுவது சரியல்ல.

ஒரு டன் இரும்புக்கு 600, 700 கிலோ மரக்கரி ஆகும். ஒரு டன் கரிக்கு மூன்றிலிருந்து ஐந்து டன் விறகு ஆகும். பத்துக் கோடி டன் இரும்பை இப்படிச் செய்யப் போனால் ஆண்டுக்கு இருபது, முப்பது கோடி டன் விறகு. நம் நாட்டில் விவசாயக் கழிவின் உபரி என்று அரசு மதிப்பிட்டிருப்பதே 23 கோடி டன்தான். அதில் கணிசமான பகுதி வைக்கோல். வைக்கோல் சாம்பலில் மணலும் பொட்டாசியமும் மிகுதி, பொட்டாசியம் உலையின் உட்பூச்சை அரிக்கும். அதே கழிவை அனல் மின் நிலையங்களும் நிலக்கரியோடு கலந்தாக வேண்டும் என்பது மத்திய அரசின் கட்டளை. ஆக, இந்தியாவின் மொத்த எஃகையும் செடிகொடியால் செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எங்கே பொருந்தும்?

சிறிய இடங்களில். அத்திபெலே, ஓசூர், பீன்யா, கோவை போன்ற இடங்களில்தான் இது முதலில் வேர் பிடிக்க முடியும் என்பது என் முடிவு.

பவுண்டரிக்குள் பாருங்கள். பழைய குப்போலா உலைகள் பல இடங்களில் போய், மின்சாரத்தில் இயங்கும் இண்டக்‌ஷன் உலைகள் வந்துவிட்டன. அதில் பழைய இரும்பு ஸ்கிராப்பைப் போட்டு உருக்குகிறார்கள். ஸ்கிராப் எஃகில் கார்பன் மிகக் குறைவு, வார்ப்பிரும்புக்கோ மூன்று விழுக்காட்டுக்கு மேல் வேண்டும். பற்றாக்குறையைத் தீர்க்க உருகிய உலோகத்தில் கார்புரைசர் என்ற கருப்புக் குருணையைக் கொட்டுவார்கள். பெரும்பாலும் அது பெட்ரோலியக் கோக், இல்லையென்றால் கிராஃபைட். முழுக்க எஃகு ஸ்கிராப்பே போட்டால்கூட டன்னுக்கு முப்பது கிலோ சொச்சம். ஊது உலை கேட்கும் 600 கிலோ எங்கே, இந்த முப்பது கிலோ எங்கே! அதோடு, இங்கே கார்பன் எரிந்து போவதில்லை, பெரும்பகுதி உலோகத்துக்குள்ளேயே தங்கிவிடும். ஒரு செடி காற்றிலிருந்து எடுத்த கார்பன் லாரி எஞ்சினின் வார்ப்புக்குள் பல ஆண்டுகள் குடியிருக்கும்.

அச்சு மணலிலும் நிலக்கரித் தூள் கலக்கிறார்கள், வார்ப்பின் மேற்பரப்பு வழவழப்பாக வர. பல்சக்கரத்தின் மேல்தோலைக் கெட்டிப்படுத்த, கரிக்குள் புதைத்துச் சூடேற்றும் பழைய முறையில் மரக்கரிதான் எப்போதும் பொருள். இவையெல்லாம் சின்னச் சின்ன வாசல்கள். இவற்றைவிட அகலமான வாசல் ஸ்பாஞ்ச் இரும்பு, அதாவது தாதுவை உருக்காமலே ஆக்சிஜனை நீக்கி எடுக்கும் இரும்பு. உலகிலேயே அதிகமாக அதைச் செய்யும் நாடு நாம். பல்லாரி, கொப்பள் பக்கத்துச் சுழல் உலைகள் நிலக்கரியில்தான் ஓடுகின்றன. அங்கே கரி எடை தாங்க வேண்டியதில்லை. அதனால் ஒரு பகுதியைத் தாவரக் கரியாக மாற்ற இடமுண்டு. ஒடிசாவில் ஃபெரோகுரோம் உலையில் டாடா ஸ்டீல் பயோசார் என்ற தாவரக் கரியைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறது.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். சாதாரண மரக்கரி லேசானது, உருகிய இரும்பின் மேல் மிதந்து வீணாக எரியும். ஈரமும் எரிவாயுவும் மிச்சமிருந்தால் வார்ப்பில் ஊசித்துளை விழும். நன்றாகச் சுட்டு, அழுத்திக் கட்டியாக்கி, ஒவ்வொரு லோடும் ஒரே தரத்தில் வந்தால்தான் பவுண்டரிக்காரர் தொடுவார். ஒரு வார்ப்பு திரும்பி வந்தால் அவருடைய மாத லாபம் போச்சு. அவரைக் குறை சொல்ல எதுவுமில்லை.

கரிக்கு மரம் எங்கிருந்து?

ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் நாம் வேண்டாம் என்று சொல்லும் மரமே ஏராளம். சீமைக் கருவேலம் கண்மாய்களை அடைத்துக்கொண்டு நிற்கிறது. உயர் நீதிமன்றம் அகற்றச் சொல்லி உத்தரவிட்டது. 2022-ல் தமிழ்நாடு அரசு அயல் படையெடுப்புத் தாவரங்களை ஒழிக்கக் கொள்கையே வெளியிட்டது. அந்த மரத்தை நம்பித்தான் அங்கே கரிமூட்டம் போடும் குடும்பங்கள் பிழைக்கின்றன. வெட்டிய கட்டைகளை வட்டமாக நெருக்கி அடுக்கி, மேலே தழையும் வைக்கோலும் பரப்பி, ஈரமண்ணால் மெழுகி, ஒரு துளையில் நெருப்பு வைப்பார்கள். பல நாள் உள்ளுக்குள்ளேயே புகைய வேண்டும். மண்ணில் விரிசல் விட்டால் காற்றுப் புகுந்து மொத்தமும் சாம்பல். அதனால் இரவிலும் ஒருவர் விழித்திருந்து விரிசலை அடைப்பார். வெண்புகை போய் நீலம் தட்டினால் கரி ஆகிவிட்டதென்று கணக்கு. அந்தப் புகையை அருகிலிருந்து சுவாசிப்பது பெண்களும் முதியவர்களும்தான். புகையோடு மீத்தேனும் போகிறது, பருவநிலைக்கு அது கார்பன் டை ஆக்சைடைவிடப் பல மடங்கு கேடு.

இந்த மூட்டத்தின் இடத்தில், புகையை உள்ளேயே எரித்துக்கொள்ளும் மூடிய இரும்புக் கலன் வர வேண்டும். விளைச்சல் கூடும், கரியின் தரம் ஒரே சீராக இருக்கும், கண் எரியாது. முதல் போட ஒரு கரிமூட்டக் குடும்பத்தால் முடியாது. கூட்டுறவுச் சங்கமோ சுய உதவிக் குழுவோ வாங்கினால் முடியும். கொங்கு மண்டலத்தின் சிரட்டைக் கரியும் தரத்தில் முதலிடம்தான். ஆனால் நீர் வடிகட்டும் செயல்மிகு கரிக்காக அது நல்ல விலைக்கு ஏற்றுமதியாகிவிடுகிறது. பவுண்டரி அந்த விலையோடு போட்டியிட முடியாது. வனத்துறை வேரோடு பிடுங்கும் உண்ணிச்செடியும் இருக்கிறது, பன்னர்கட்டா காட்டிலிருந்து அத்திபெலே தொலைவில்லை.

ஒரு எச்சரிக்கை. சந்தை வந்துவிட்டால் வேண்டாத மரமும் வேண்டிய மரமாகிவிடும். கருவேலத்துக்கு நல்ல விலை கிடைத்தால் யாராவது அதை விதைக்கவும் செய்வார்கள். வெட்டிய இடத்தில் கண்மாய் தூர்வாரப்பட்டதா, நாட்டு மரம் நடப்பட்டதா என்று கணக்குக் கேட்காமல் கரி வாங்கினால் பரங்கிப்பேட்டையும் பத்ராவதியும் மூன்றாம் முறையாக நடக்கும்.

காலம் இப்போது சாதகமாக இருக்கிறது. 2024 டிசம்பரில் மத்திய எஃகு அமைச்சகம் பசுமை எஃகுக்கு வரையறை வகுத்தது. டன்னுக்கு 2.2 டன் உமிழ்வுக்குள் இருந்தால் மூன்று நட்சத்திரம், 1.6-க்கும் கீழே போனால் ஐந்து. தாவரக் கரியை ஆராயவும் குழு அமைத்திருக்கிறது. 2026 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதி இரும்பு, எஃகுக்குக் கார்பன் கட்டணம் கணக்கிடத் தொடங்கிவிட்டது. ஏற்றுமதி செய்யும் ஆலை தனக்குப் பாகம் தரும் பட்டறையிடமும் கார்பன் கணக்குக் கேட்கும் நாள் தூரத்தில் இல்லை.

தமிழ்நாடு அரசுக்கு ஒரு கோரிக்கை: சீமைக் கருவேலம் அகற்றும் ஒப்பந்தங்களில் மூடிய கலனில் கரியாக்குவதையும் மறுநடவையும் கட்டாயமாக்குங்கள். கலன் வாங்க கரிமூட்டத் தொழிலாளர் சங்கங்களுக்கு மானியம் கொடுங்கள். கர்நாடக அரசுக்கு: இந்திய அறிவியல் கழகம் உங்கள் தலைநகரில்தான் இருக்கிறது, கார்புரைசர் தரத்துக்குத் தாவரக் கரியைச் சோதித்துச் சான்று தரும் பொறுப்பை அதனிடம் கேட்டு வாங்குங்கள். எல்லையின் இரு பக்கத்திலும் உள்ள பவுண்டரி முதலாளிகளுக்கு: அடுத்த முறை பெட்ரோலியக் கோக்குக்கு ஆர்டர் போடும்போது, ஒரு டன்னாவது ராமநாதபுரத்துக் கரியில் வாங்கி, எந்தக் கண்மாயில் வெட்டியது என்று எழுதி வாங்கிக்கொண்டு, உங்கள் உலையில் போட்டுப் பாருங்கள்.